யாரும் திட்டாத ஆட்டம்

அண்ணன் தன் ராணியைக் கொண்டுபோய் எதிரி யானைக்கு நேரே வைத்தான். எதிரே உட்கார்ந்திருந்த அவனுடைய நண்பர் அதை வெட்டவில்லை. ஓரத்தில் கிடந்த ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டு, "நல்லா யோசிச்சுத்தான் வச்சிருக்க, பங்காளி" என்றார். டீ கொண்டுவந்த எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. இத்தனை வாரமாக எங்கள் வீட்டில் யாரும் செஸ் ஆடவே இல்லை.

அந்த நண்பர் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவர். மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. முன்பெல்லாம் இரண்டு பேரும் ஆட உட்கார்ந்தால் முதலியார்பேட்டையில் எங்கள் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"உன் ராஜாவ படகுல ஏத்தி நடுத்தண்ணில எறக்கி விட்டுட்டு வரேன் பாரு!"

"உன் குதிரையும் உன் படகு மாதிரிதான்டா. தள்ளுனாதான் போவும்."

இருவருக்கும் ரேட்டிங் கிடையாது, கோப்பை கிடையாது. ஓர் ஓபனிங்கின் பெயர்கூடத் தெரியாது. நான் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து நாலு பெயர் சொன்னால் சேர்ந்து சிரிப்பார்கள். அவர்களுக்கு ஆட்டமே அந்த ஏச்சுதான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு கடலூர் ரோட்டில் அண்ணனின் வண்டி சறுக்கியது. ஹெல்மெட் இல்லை. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், தலையில் நீளமாக ஒரு தையல். வீட்டுக்கு வந்தபின் கை கால் சரியானது, பேச்சு மெல்லத் திரும்பியது. ஞாயிறுதோறும் நண்பரும் வந்தார், கோயிலுக்குள் பேசுவதுபோல் தணிந்த குரலோடு. வந்து வந்து தோற்றார். அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். "பாத்தியா, பழையபடி ஆயிட்டான்."

ராணியை வெட்டாமல் விட்ட அன்று அவர் கிளம்பிய பிறகு காய்களை அள்ளப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்தான்.

"நீ ஆடு."

"நானா? உன் ராணிய எடுத்து வச்சிட்டு ஆடுனாகூட என்னைய ஜெயிப்பியே நீ!"

"ஆடுடி. அவன்... நல்லாத் தோக்கறான்." அடுத்த சொல் கிடைக்காமல் கொஞ்சம் நின்றான். "எனக்கு எவ்ளோ மிச்சம் இருக்குன்னு தெரியணும். ஒருத்தரும் காட்ட மாட்றீங்க."

ஒழுங்காக ஆடினேன். பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எந்தக் காய் எப்படிப் போகும் என்பதில் அவனுக்குத் தடுமாற்றமே இல்லை. ஆனால் தன் காய்களை மட்டும்தான் பார்த்தான். நான் கை நீட்டும் முன்பே என் நகர்த்தலைச் சொல்லி வெறுப்பேற்றுகிறவன், நான் ஒருத்தி எதிரே இருப்பதையே மறந்துபோயிருந்தான். மேட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான். "முடிஞ்சிடுச்சா?"

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு."

"முடிஞ்சிடுச்சுண்ணா."

"இன்னொன்னு அடுக்கு."

அதிலும் தோற்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான்டி ஆடுன மாதிரி இருக்கு" என்றான். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் நண்பருக்கு ஃபோன் செய்தேன். "அண்ணா, இனிமே நெஜமா ஆடுங்க. திட்டுங்க."

எப்போதும் ஃபோனில் கத்துகிறவர், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் குனிஞ்சு யோசிக்கறப்ப அந்தத் தையல் கண்ணுக்கு நேரா இருக்கும்மா. எப்டி வெட்டுவேன் சொல்லு?"

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தங்கச்சியிடம் தோற்பது மட்டும் அண்ணனுக்குப் போதாது.

சாயங்காலம் போக்குவரத்தை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் சிலர் செஸ் போர்டை விரித்து உட்காருவார்கள். யார் வந்தாலும் ஆடுவார்கள். எங்களை யாருக்கும் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். தையல் தெரியாமல் ஒரு தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"வேணாம்" என்றான். "பாக்கட்டும். பாத்துட்டும் வெட்றாங்களான்னு பாப்போம்."