பேசி முடித்த கடன்

வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில் என் மச்சான் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. விருதுநகரில் ஒரு வங்கிக் கிளை. "பழைய கடன் ஏதும் இருந்ததா?" என்று மேனேஜர் அம்மா கேட்டார். அதற்காகவே காத்திருந்தவர் போல மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "இருந்துச்சு மேடம். பேசி முடிச்சாச்சு. வட்டியைத் தள்ளி, அசல்லயும் எம்புட்டுக் கொறைச்சேன்னு கேளுங்க!" மேனேஜரின் பேனா நின்றது. நான் மேஜைக்கு அடியில் மச்சானின் காலை மிதித்தேன். "ஏன்லே மிதிக்கே?" என்றார் சத்தமாக.

என் அக்காவின் கணவர் அவர். சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருந்தார். ஊரடங்குக் காலத்தில் ஆர்டர் படுத்துவிட, மெஷின் வாங்கிய கடனுக்குத் தவணை நின்றுபோனது. வங்கியே கூப்பிட்டு, ஒரே தவணையில் இவ்வளவு கட்டினால் மீதியைத் தள்ளிவிடுகிறோம் என்றது. மெஷினை விற்றுக் கட்டினார். அன்று வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார். அவர் தொழிலில் அது கொண்டாட வேண்டிய விஷயம்தான். சீசன் முடிந்ததும் காலண்டர் வாங்கி விற்கும் வெளியூர்ப் பார்ட்டி வருவார், டீ குடிப்பார், விற்காத சரக்கைச் சொல்லிப் பாக்கியில் ஒரு துண்டைக் கழிப்பார், கையைக் குலுக்குவார். அப்படிப் பேசி முடித்தவருக்குத்தான் அடுத்த வருஷ ஆர்டர் முதலில் ஓடும். கழித்துக் கொடுப்பது அங்கே நம்பிக்கைக்கு அடையாளம். வங்கியில் அதற்கு நேர்மாறான அர்த்தம். முழுதாகக் கட்டாத ஆள் என்று கடன் வரலாற்றில் அது வருஷக்கணக்கில் நிற்கும். அன்று விருதுநகர் போகும்போதே, ஆமத்தூர் தாண்டுவதற்குள் பஸ்ஸில் இதையெல்லாம் போனில் காட்டி அவருக்கு விளக்கியிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார்.

கடன் கிடைக்கவில்லை. அவர்கள் குடியிருந்த வீட்டையே விலைக்குப் பேசி முன்பணமும் கொடுத்திருந்தார்கள். பீரோவை எந்தச் சுவரோரம் நகர்த்துவது என்றுகூட அக்கா முடிவு செய்திருந்தாள். வீட்டுக்காரர் தை வரைதான் பொறுப்பேன் என்றிருந்தார்.

"அவுகதானலே கூப்பிட்டுக் கொறைச்சாக? கையைக் குலுக்கி அனுப்பிட்டு, பின்னால எழுதி வைப்பாகளா?" மச்சான் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் போனைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்காதான் முடித்தாள். "வீடு போனாப் போகுது. முன்பணத்தைத் திருப்பி வாங்கி, பழைய பேங்க்ல தள்ளுனதைக் கட்டிட்டு வாங்க. கடன்காரன் பொண்டாட்டின்னு ஒருத்தன் எழுதி வச்சிருக்கானேன்னு எனக்குத் தூக்கம் வரல."

கட்டினோம். தள்ளுபடி ஆன பணத்தை வலிய வந்து கட்டுகிறவரைப் பழைய வங்கியில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பாக்கியில்லை என்ற கடிதம் கைக்கு வந்தது. ஆனால் கடன் வரலாற்றுக்குப் போடும் மதிப்பெண் உடனே ஏறிவிடுகிற சமாச்சாரம் இல்லை. வேறு வாடகை வீட்டுக்கு மாறினார்கள். இன்னொருவர் அச்சகத்தில் வேலைக்குப் போன மச்சான், மெஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து என்னைக் கூப்பிடுவார். "ஏறிருச்சா மாப்ளே?" ஏறியிருந்தாலும் எனக்குப் பயம், மறுபடி இறங்கிவிடுமோ என்று.

போன மாதம் ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஊருக்கு வெளியே, சின்ன வீடு. கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசாமல் காசு எடுக்காத மனிதர், சொன்ன வட்டிக்கெல்லாம் தலையாட்டினார். அங்கே இருந்த பையனுக்கே பாவமாகிவிட்டது போல. "சார், நடைமுறைக் கட்டணத்துல கொஞ்சம் கொறைக்கச் சொல்லிக் கேளுங்க. எல்லாரும் கேப்பாங்க" என்றான்.

மச்சான் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். என் காதோரம் குனிந்தார்.

"கேக்கலாமாலே? எழுதி வச்சிற மாட்டாகளே?"