அவித்த மாவும் ஒரு மெலிந்த சஞ்சிகையும்

உலக யுத்தம் வந்து அரிசி அருமையாகி, கூப்பன் கடையில் கோதுமை மாவை எங்கள் தலையில் கட்டிய காலம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மாமனாருக்குப் புட்டில்லாமல் இராச்சாப்பாடு இறங்காது. அந்த மாவில் நான் அவித்ததெல்லாம் களியாய்த்தான் வந்தது. "பிள்ளை, உதாலை சுவருக்குக் கடதாசி ஒட்டலாம்" என்பார். அந்த வீட்டில் எனக்கு இரண்டு பேர்: அவருக்குப் 'பிள்ளை', கணவருக்கு 'இஞ்சேரும்'.

வாசிக்க மட்டும் குறைவில்லை. கணவரும் கந்தோரில் அவரோடிருந்த கிளாக்கர்மாரும் ஏழு வீடாய்ச் சேர்ந்து மதராஸ் சஞ்சிகைகள் எடுத்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு நாள் இருக்கும். பிறகு காலை ரயிலில் ஒருவர் பையிலிருந்து மற்றவர் பைக்கு மாறும். எதை எடுப்பதென்று தீர்மானிப்பதும் அவர்கள்தான்.

ஒருநாள் கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குப் போன இடத்தில் புத்தகக் கடையொன்றில் ஏறினேன். மதராஸ் சஞ்சிகைகள் கழுத்தளவு அடுக்கிக் கிடந்தன. அடியில் மெலிந்த ஒன்று நசுங்கிக்கொண்டிருந்தது. இழுத்தேன்.

"தங்கச்சி, அது நம்ம கொழும்புல அடிக்கிறது. ஒருத்தரும் கேக்கிறல்ல" என்றார் கடை நானா.

கேளாத கூப்பன் மாவையே வாங்கிப் பழக்கம் எனக்கு. வாங்கினேன். உள்ளே, கூப்பன் மாவைத் துணியில் முடிந்து முதலில் ஆவியில் அவித்து, சூடு ஆறமுன் உதிர்த்து அரித்துவிட்டுக் குழைக்கச் சொல்லி அரைப் பக்கம் இருந்தது. அன்றிரவு மாமனார் இரண்டாந்தரம் புட்டுக் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தில் ஒரு அறிவித்தல்: சந்தாதாரர் சேராவிட்டால் இந்த இதழோடு நிறுத்திவிடுவார்களாம். கணவரிடம் காட்டினேன்.

"உது என்ன, அப்பளம் மாதிரி? மதராசிலை இருந்து வாறதை வாசிக்கவே நேரம் காணாது" என்றார். மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தாராம். ஒருவருக்கும் வேண்டாமாம்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அடுத்த தவணை போன கொழுத்த தீபாவளி மலருக்குள் அந்த அப்பளத்தைச் செருகி, அறிவித்தலுக்குக் கீழே பென்சிலால் என் பேரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதி, அவர் பையிலேயே வைத்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து மலர் திரும்பி வந்தது, கடையில் வாங்கிய மாதிரியே. உள்ளே இருந்ததோ எண்ணெயும் மஞ்சளுமாய். மாப் பக்கத்தின் ஓரத்தில் 'நல்லாய் வந்தது' என்று ஒரு கை, 'உப்புக் காணாது' என்று இன்னொரு கை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். என் பேருக்குக் கீழே ஆறு பெண்களின் பேர்கள். பேர் கேள்விப்படாத பெண்கள். இன்னாரின் மனுசி என்றுதான் அவர்களை எனக்குத் தெரியும். அவ்வளவையும் சுமந்து திரிந்த ஆண்களுக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாரும் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, சஞ்சிகைகளுக்குள்ளேயே வைத்தனுப்பி, ஏழு சந்தாவும் சேர்ந்ததும், அக்காவைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் அதை அடிக்கும் அச்சகத்துக்குப் போனேன். ஆசிரியரே கையெல்லாம் மையோடு வந்தார். பட்டியலை இரண்டு முறை வாசித்தார்.

"அம்மா, உறையிலை ஆற்றை பேரை எழுத? ஐயாமாற்றை பேரையோ?"

பட்டியலில் இருந்த பேர்களின் மேல் விரலை வைத்தேன்.

"இல்லை, எங்கடை பேரையே எழுதுங்கோ."

அடுத்த மாதம் தபால்காரர் படலையில் நின்று ஒரு பேரைக் கூப்பிட்டார். மாமனார் எட்டிப்பார்த்து, "அப்படி ஒருத்தரும் இஞ்சை இல்லை" என்றார். நான் அடுப்படியிலிருந்து மாக்கையோடு ஓடினேன்.

பிறகு எத்தனையோ சஞ்சிகைகள் வாசித்துவிட்டேன். கலியாணம் கட்டி வந்தபின் என் பேரை முதலில் வாய்விட்டுக் கூப்பிடவைத்தது அந்த மெலிந்ததுதான். அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது.