சரவணையில் இரண்டு பக்கமும் கழற்றிய ஜீப்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறையில் எனக்குச் சின்னதாக ஒரு கராஜ் இருந்தது. ஆனால் வேலையில் பாதி வீட்டு வளவுகளில்தான். உப்புக்காற்றில் துருப்பிடித்த வண்டிகளைக் கராஜ் வரைக்கும் ஓட்டி வரவே ஆட்கள் பயந்தார்கள்.

பக்கத்து ஊரான சரவணையைச் சேர்ந்த நல்லதம்பி அண்ணை நாட்டின் தெற்கில் கடை வைத்திருந்தவர். மனைவி பூமணி அக்காவுக்கு முள்ளந்தண்டில் வருத்தம் வந்து படுக்கையானதும், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரு பழைய ஜீப்போடு ஊருக்கு வந்துவிட்டார். பதினைந்து நாளுக்கொரு முறை அக்காவை அதன் பின்பக்கத்தில் படுக்கவைத்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். பின் ஸ்பிரிங் இரண்டிலும் தகடு உடைந்திருந்தது. ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிடிக்கிற ஷேக்கிளில் ரப்பர் புஷ் தேய்ந்து, இரும்போடு இரும்பு அடித்தது.

இறக்குமதி நின்றிருந்த காலம். கழித்துவிட்ட லொறி ஒன்றின் தகடுகளை அளவுக்கு வெட்டி அடுக்கி, வெள்ளிக்கிழமை காலை கொண்டுபோனேன். அக்கா கட்டிலில் படுத்தபடியே யன்னலால் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பள்ளத்திலை விழேக்கை உயிர் போய் வருது. அவருக்கு நான் சொல்லுறேல்லை. கொஞ்சம் பாத்துச் செய்யும்."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி நாள். ஞாயிறுக்குள் முடித்துவிடுவேன் என்றேன்.

மணல் வளவு. ஜக் புதையாமல் கீழே பலகை வைத்து ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கி, சேசிஸுக்குப் பனங்குற்றி முண்டு கொடுத்தேன். ஒரு பக்கத்தைப் பூட்டிவிட்டு மற்றதைத் தொடலாமே, அவசரமென்றால் வண்டி வேணுமே என்று நல்லதம்பி அண்ணை கேட்டார். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் வேலை கெதியாக முடியும் என்றேன். இருபது வருடம் வேலை செய்தவன் சொல்கிறான் என்று அவர் விட்டுவிட்டார்.

ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட் ஒன்றுமே அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டும் சரிவராமல், மாற்றுப் போல்ட் கையில் இருந்ததால், எல்லாவற்றையும் இரும்பறுக்கிற வாளால் அறுத்தேன். பின்னேரம் இரண்டு ஸ்பிரிங்கும் நிலத்தில் கிடந்தன. அப்போதுதான் பார்த்தேன், இடப்பக்க ஷேக்கிளில் கோர்க்கிற ‘பின்’ ஆணி வளைந்திருந்தது. சனி காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் ஒரு பட்டறையில் புதிதாக ஒன்று கடையக் கொடுத்தேன். திங்கள் தருவதாகச் சொன்னார்கள்.

திரும்பி வந்து வலப்பக்கத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது நல்லதம்பி அண்ணை வெளியே வந்தார். அக்காவுக்கு மூச்சு இழுக்கிறது என்றார்.

"எவ்வளவு நேரத்திலை ஓடலாம்?"

"இண்டைக்கு ஏலாது அண்ணை."

அவர் ஜீப்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

சைக்கிளில் வேலணைக்கு ஓடினேன். வாடகைக் கார் இரண்டும் கலியாணத்துக்குப் போயிருந்தன. ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஒரு வெங்காய லொறியோடு திரும்பினேன். மெத்தையோடு அக்காவை ஏற்றினோம். தலைப்பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நான் இருந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அக்கா கண்ணை மூடினார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மணித்தியாலத்தில் உயிர் பிரிந்தது. முந்தி வந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று டொக்டரிடம் கேட்டேன். சொல்ல ஏலாது என்றார். ஓமென்றோ இல்லையென்றோ சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

செத்தவீட்டில் நான் வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டேன். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்தபிறகுதான் கடைந்த ‘பின்’ ஆணியோடு போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அண்ணை விடவில்லை.

"ஆறுதலாப் பூட்டும் தம்பி. இனி அவசரம் ஒண்டுமில்லை."

தேத்தண்ணி அவரே போட்டுக் கொண்டுவந்தார். சீனி போட மறந்திருந்தார். குடித்தேன்.

பூட்டி முடித்து ஓட்டிப் பார்க்க ஏறியபோது, அவர் முன்னுக்கு ஏறாமல் பின்பக்கத்து வெறும் தட்டில் போய் இருந்தார். றோட்டில் பெரிய பள்ளமாகப் பார்த்து இறக்கினேன். ஜீப் ஒருமுறை அமிழ்ந்து எழும்பியது.

"இப்ப அடிக்கேல்லை," என்றார்.

திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு நான் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றியதில்லை. இப்போது வேலை பழகுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். வண்டியைப் பற்றி நமக்குத் தெரியும். அது எந்த நேரம் தேவைப்படும் என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். வருத்தக்காரர் இருக்கிற வீடென்றால், இன்னொரு வண்டிக்கு ஒழுங்கு செய்துவிட்டு ஸ்பனரைத் தொடுங்கள். அதனால் வேலை ஒரு நாள் பிந்தினால் பிந்தட்டும்.