தினமும் தேடி, தொடாமல் போனவர்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல், இரண்டாம் மாடியில் லோகேஸ்வரிக்கு ஓர் அறை. வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய எனக்கு ஒரு மேசை தேவைப்பட்டது. அப்படித்தான் அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தேன். கீழேயிருந்து மல்லிகை வாசம் படியேறி வரும். வெளியே மோனோரயில் வளைந்து போகும்போதெல்லாம் அறை ஒருமுறை நிழலாகி மறுபடி வெளுக்கும். மத்தியானங்களில் நாங்கள் தண்ணீருக்கடியில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல் எனக்குத் தோன்றும்.

கூகுளில் எதையாவது தேடினால் முதலில் சின்னச் சின்ன விளம்பரங்கள் வருகின்றன அல்லவா, அவற்றைச் சிறு வியாபாரிகளுக்குப் போட்டுத் தருவதுதான் லோகேஸ்வரியின் தொழில். எந்தச் சொல்லைத் தேடினால் யார் தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பந்தல் போடுபவர், புடவை கட்டிவிடுபவர், பத்துமலைக்குப் போகிறவர்களுக்குக் காவடி ஜோடிப்பவர் எல்லாரும் அவளிடம் வருவார்கள். ஒன்பது வருடம் ஒரு கால் சென்டரில் பேசிப் பேசி அலுத்து, யாரோடும் பேசாத வேலை வேண்டும் என்று இதற்கு வந்தவள். வந்த பிறகு அவள் பேசுகிற அளவுக்கு வாடிக்கையாளரோடு பேசுகிற ஆளை நான் கண்டதில்லை.

எல்லாரிடமும் ஒரே கேள்விதான் முதலில் கேட்பாள். "உங்களத் தேடுறவங்க அந்த நேரத்துல எப்படி உட்கார்ந்திருப்பாங்க?" பதில் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஆளை முழுதாகப் பார்த்த பிறகுதான் சொற்களை எழுதுவாள்.

கிள்ளானிலிருந்து வந்த வீரம்மாவிடமும் அதையே கேட்டாள். வீரம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் கையுறை ஃபேக்டரியில் வேலை. ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்துவிட்டார். பச்சைப் பிள்ளையை நீட்டிய கால்களில் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டத் தெரியும். சொந்தக்காரர்களுக்குச் சும்மா செய்துகொண்டிருந்ததை இப்போது தொழிலாக்கப் பார்த்தார்.

"எப்படி உட்கார்ந்திருப்பாளா? எங்க உட்கார்றது? பெத்து எட்டு நாள்தான் ஆகியிருக்கும். சாய்ஞ்சு கிடப்பா. ஒரு கையில பிள்ள, ஒரு கையில போன். கண்ணு பாதி மூடியிருக்கும்."

லோகேஸ்வரி கண்ணை மூடினாள். அறை நிழலாகி வெளுத்தது. பிறகு 'குழந்தை குளிப்பாட்டும் அக்கா கிள்ளான்' என்று எழுதினாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் இன்னும் சில. அந்த முதல் சொற்றொடர்தான் நன்றாக ஓடியது. முதல் நாளே ஓர் அழைப்பு வந்தது. அந்த வாரம் இன்னும் இரண்டு.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மழையில், வீரம்மா குடையை மடக்கிக்கொண்டே படியேறி வந்தார்.

"லோகா, நம்ம விளம்பரத்தக் காணோம்லா. போனும் வரல. ஃபேக்டரியில மறுபடி ஆள் எடுக்கிறாங்க. வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள சூப்பர்வைசருக்குப் பதில் சொல்லணும். இது ஓடலன்னா நான் போயித்தான் ஆகணும்."

லோகேஸ்வரி திரையைத் திருப்பிக் காட்டினாள். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவில் அந்தச் சொற்றொடர் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது.

"தூங்கிருச்சுக்கா."

"எழுப்பிவிடு."

"எதனால தூங்குச்சுன்னு தெரியாம எழுப்பினா மறுபடி தூங்கிரும்."

சொற்கள் ஏன் முடக்கப்படுகின்றன என்று அன்றுதான் நானும் தெரிந்துகொண்டேன். யாருமே தேடாத சொல் என்றால் இயந்திரம் அதை ஒதுக்கிவைத்துவிடும். நோயைத் தீர்ப்பேன் என்பதுபோல விதிக்குப் புறம்பாக எழுதினால் தடுத்துவிடும். அப்படிப்பட்டதை லோகேஸ்வரி முதலிலேயே நீக்கியிருந்தாள். இன்னொரு காரணமும் உண்டு. விளம்பரம் நிறையப் பேர் கண்ணில் படுகிறது, ஆனால் யாரும் அதைத் தொட்டு உள்ளே போவதில்லை என்றால், இது மக்களுக்கு வேண்டாத ஒன்று என்று இயந்திரம் முடிவுகட்டும். மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் காட்டுவதையே நிறுத்திவிடும்.

"உங்களோடது அந்த மூணாவது காரணந்தான். நானூறு தடவைக்கு மேல காட்டியிருக்கு. தொட்டது மூணு பேரு."

வீரம்மா திரையருகே குனிந்து பார்த்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ நானூறு பேரு என்னையப் பார்த்துட்டு, வேணாம்னு போயிட்டாங்களா?"

வீரம்மா இறங்கிப் போன பிறகும் அந்த நானூறு பேரை லோகேஸ்வரி விடவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துவிட்டுச் சாப்பிடாமல் திரையையே பார்த்தாள். அவர்கள் யாரென்று இயந்திரம் சொல்லாது. எந்த ஊர், எந்த நேரம், என்ன சொல்லித் தேடினார்கள் என்பது மட்டும் தெரியும். மறுநாள் திடீரென்று என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. காலையில ஏழு மணிக்கு. தினமும். கிள்ளான், காப்பார், ஸ்ரீ கெம்பாங்கான். எல்லாரும் ஒரே வாக்கியம். ஒரு எழுத்து மாறல."

"அதனால என்ன?"

"பிள்ள பெத்தவ ஒருத்தி தேடுற மாதிரி இன்னொருத்தி தேடமாட்டா. ஒருத்தி 'பேபி பாத்'னு போடுவா, ஒருத்தி பாதியிலயே விட்டுருவா. இது யாரோ சொல்லிக்கொடுத்துத் தேடுறது."

உடனே வீரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அக்கா, உங்க ஆளுங்க யாராச்சும் தினமும் தேடுறாங்களா?"

"யாராச்சுமா? முப்பத்தோரு பேருலா!" குரலில் அவ்வளவு பெருமை. "குடும்ப குரூப்புல அண்ணன் காலையில பூப்படம் போட்டு வணக்கம் சொல்லுவாரு. அப்புறம் எல்லாரும் தேடணும். ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துப் போடுவாங்க. 'தங்கச்சி இன்னைக்கும் முதல்ல வந்திருக்கு'ன்னு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். லோகேஸ்வரி நெற்றியை மேசையில் வைத்தாள்.

அண்ணன் கமலநாதனையும் அழைப்பில் சேர்த்தார்கள். எடுத்ததுமே அவர் தற்காப்பில் இறங்கினார்.

"நாங்க யாரும் அமுக்கலம்மா, சத்தியமா. அமுக்கினா தங்கச்சிக்குக் காசு போகும்னு ஸ்ட்ரிக்டா சொல்லிவச்சிருக்கேன். பார்க்க மட்டுந்தான்."

"அதுதாண்ணே பிரச்சினையே. பார்த்துட்டுத் தொடாமப் போனா, வேணாம்னு போறதா அது எடுத்துக்குது."

"அப்போ அமுக்கணுமா?"

"ஐயோ, அதுவும் வேணாம்!"

"பின்ன என்னதாம்மா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. தேடாதீங்க."

கமலநாதனின் குரல் உயர்ந்தது. "எங்க வீட்டுப் பொண்ணு பேரு கூகுள்ல வருது. அத நாங்க பார்க்கக்கூடாதுங்கிறியா?"

லோகேஸ்வரி பதில் சொல்லுமுன் வீரம்மா குறுக்கே புகுந்தார். "லோகா, இரு. அந்த நானூறு பேரும் எங்க ஆளுங்கதானா? வேணாம்னு யாரும் போகலையா?"

"யாரும் போகலக்கா. தேடி வந்த நிஜ ஆளுங்க மூணே பேரு. மூணு பேருமே உங்களக் கூப்பிட்டாங்க."

போனில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அடங்காமல், நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுபடி சிரித்தார். "அண்ணே, குரூப்புல போடுங்க. நாளையிலருந்து பூப்படம் மட்டும். என்னையத் தேடுறவன் வீட்டுக்கு நான் தீபாவளிக்கு வரமாட்டேன்."

புதன்கிழமை லோகேஸ்வரி எல்லாவற்றையும் புதிதாக அமைத்தாள். தூங்கிய சொற்றொடரை அப்படியே விட்டுவிட்டு, சாய்ந்து கிடக்கும் அந்தப் பெண்ணை மறுபடி கண்மூடிப் பார்த்து, அவள் பாதிக் கண்ணில் எழுதக்கூடியவற்றைப் பக்கத்தில் வைத்தாள். விளம்பர வாசகத்திலும் அதே சொற்கள். தொட்டு உள்ளே வந்தால் வீரம்மாவின் கைகளின் படம், கீழே தொலைபேசி எண்.

வியாழன் எதுவும் நடக்கவில்லை. ஏழு மணிக்கும் யாரும் தேடவில்லை. முப்பத்தோரு பேர் எங்கெங்கோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் அந்தத் திரை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஏதோ பாசம் இருந்ததாக எனக்குப் பட்டது.

வெள்ளி பதினொரு மணிக்கு ஒரே ஒரு தொடுகை. லோகேஸ்வரி உடனே கமலநாதனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்களா?"

"நான் கோயில்ல வரிசையில நிக்கிறேம்மா! சாமி சத்தியமா இல்ல!"

அவர் பேசி முடிப்பதற்குள் வீரம்மாவின் அழைப்பு குறுக்கே வந்தது. சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு பெண். ஒன்பது நாள் பிள்ளை. இன்றைக்கே வர முடியுமா என்று கேட்டாளாம். வீரம்மா உடனே கொமுட்டர் ரயிலில் ஏறிவிட்டாராம்.

"அப்புறம், சூப்பர்வைசருக்கும் சொல்லிட்டேன். வரலன்னு."

லோகேஸ்வரி எழுந்துவிட்டாள். "அக்கா! ஒரே ஒரு போன்தான் வந்திருக்கு. அஞ்சு மணி வரைக்கும் இருந்து பார்த்திருக்கலாம்லா."

ரயிலின் தடதடப்புக்கு நடுவில் வீரம்மாவின் குரல் தூக்கத்திலிருந்து வருவதுபோல நிதானமாக வந்தது.

"ஒரு பிள்ளைக்கு ஒரு மாசம் குளிப்பாட்டணும், லோகா. அதுக்குள்ள இன்னொன்னு பொறக்காமலா போயிரும்?"