நான் தோய்த்த வாள்வீச்சுச் சட்டை

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் என் மகள் வாள்வீச்சுப் பழகும் கிளப்புக்குப் பேர்போன ரஷ்ய வீராங்கனை ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத்தான் காய்ச்சல் மாதிரி இருந்தது. ஒன்பது வயது மகள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். நான் துணி மடித்துக்கொண்டே அவருடைய பழைய போட்டிகளைக் கைபேசியில் பார்த்தேன். இளம் வயதிலேயே உலகச் சாம்பியன். பிள்ளை பெற்ற பின் இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் கைவிட்டபோது, திரும்பி வந்து மறுபடியும் சாம்பியன். ஓய்வு பெற்று எத்தனையோ வருடங்களாகியும், அவர் பெயரைச் சொன்னால் எங்கள் டேனிஷ் பயிற்சியாளர் நிமிர்ந்து நிற்கிறார். பிள்ளை பெற்ற பின் நான் திரும்பிப் போனது அலுவலகத்துக்கு மட்டும்தான். அதற்கே மூச்சு வாங்குகிறது.

ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரே ஒரு தொடுகை வரை ஆடுவாராம். அவரை வாளால் ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர மகளுக்கு வேறு ஆசையில்லை.

அவர் வந்த அன்று வெள்ளிக்கிழமை, பிள்ளைக்கு முழுக்கு. கிளப் இரவல் தந்த வெள்ளிநிற மேற்சட்டையில் யார் யாருடையவோ வியர்வை மணம். கொதிநீரில் போட்டு மெஷினில் தோய்த்தேன்.

"அதையும் ஏனப்பா தோய்க்கிறீர்?" என்றார் கணவர்.

"முழுகின பிள்ளைக்கு ஊத்தைச் சட்டையே போடுறது?"

"அப்ப வாளுக்கும் சாம்பிராணி காட்டும்."

காட்டலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

மாலை, மண்டபம் நிறைந்த பெற்றோர். மகளின் முறை வந்தது. வாள் வெள்ளிச் சட்டையில் பட்டால் நிற விளக்கு எரியும், அதுதான் தொடுகை. வேறெங்காவது பட்டால் வெள்ளை விளக்கு, கணக்கில்லை. ரஷ்யப் பெண்மணி என் மகளின் நெஞ்சில் நேராகத் தொட்டார். வெள்ளை. மறுபடியும் தொட்டார். வெள்ளை. பிள்ளைகள் குசுகுசுத்தார்கள்.

மூன்றாம் முறையும் வெள்ளை எரிந்தபோது மகள் தானே கையை உயர்த்தினாள். "எனக்குப் பட்டது" என்று டேனிஷில் சொன்னாள். அவ்வளவுதான், அவளுடைய ஆட்டம் முடிந்தது.

பயிற்சியாளர் சட்டையைத் தடவிப் பார்த்து, யாராவது இதைச் சுடுநீரில் தோய்த்தீர்களா, உள்ளே ஓடும் உலோக இழை செத்துவிட்டதே என்றார். நான் எழுந்து நின்றேன். கணவர் கூரையைப் பார்த்தார்.

ரஷ்யப் பெண்மணி முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு தன் வெள்ளிச் சட்டையைக் கழற்றி மகளுக்குப் போட்டுவிட்டார். அது அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது. இன்னொரு தரம் ஆடலாம் என்றார்.

மகள் பின்வாங்கினாள், சட்டை தடுக்கித் தடுமாறினாள், அப்படியே முன்னால் பாய்ந்தாள். அவளுடைய வாள்முனை அவர் தோளுக்குக் கீழே வளைந்து நின்றது.

வெள்ளை விளக்கு. அவர்தான் இப்போது வெள்ளிச் சட்டை இல்லாமல் நிற்கிறாரே!

உலகச் சாம்பியன் விளக்கைப் பார்க்கவேயில்லை. மகள் செய்த மாதிரியே கையை நேராக உயர்த்தினார்.

"பட்டிட்டுது! பட்டிட்டுதப்பா!" என்று யாரோ தமிழில் கத்தினார்கள். கணவர் என் சால்வையைப் பிடித்து இழுத்தபோதுதான் தெரிந்தது, நான் கதிரைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.