விலக்கிப் பிடித்த முந்தானை

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட வாயில் சேலை. அது இடது மார்பில் படாதபடி இரண்டு விரலால் விலக்கிப் பிடித்தே வந்தார். நான் கவனிப்பதைப் பார்த்துவிட்டார்.

"மார்ல ஆபரேஷன் பண்ணுனதுல நரம்பு கெட்டுப்போச்சும்மா. துணி பட்டாலே தீப்பட்ட மாதிரி எரியும். நல்லாத் தூங்கி எம்புட்டு நாளாச்சு! இப்போ மதுர ஆஸ்பத்திரில இந்த வலிக்குன்னு தலையில காந்த மிஷின் வைக்காங்க."

"வலி மார்லதானே?"

"நானும் அதத்தான் கேட்டேன். வலிக்குதுன்னு சொல்றது மூளதானாம். அந்த மிஷின் மரங்கொத்தி கணக்கா மண்டையில டொக்கு டொக்குன்னு தட்டுது. இதுக்காவது கேக்குதான்னு பாக்கணும். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தா சொல்லும்மா, இறங்கணும்."

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மலைக்காற்று வீசியது. அவர் தலை என் தோளில் சாய்ந்தது. விரல்கள் தளர்ந்தன. முந்தானை மெல்ல இறங்கி, அந்த இடத்திலேயே படிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு சுளிப்புகூட இல்லை. வெயிலும் நிழலும் அந்த முகத்தின்மேல் மாறி மாறி ஓடின.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. நான் அசையவில்லை. பஸ் மறுபடி புறப்பட்டதும் கண்டக்டர் வந்து நின்றார்.

"இந்தம்மா இங்க இறங்கணும்லா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே," என்றேன். "இவங்களுக்கு ராஜபாளையத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க."