கேட்டு வாங்கிய பப்படம்

எங்கள் நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருடம் முந்தி, அஞ்சுகிராமத்தில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. என் மூத்த மகனுக்கு அப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசமாட்டான். எதையும் மெல்லவும் மாட்டான்.

காரணம் உண்டு. பல் முளைத்த புதிதில் ஒரு தேங்காய்த் துண்டு தொண்டையில் சிக்கி, முகம் நீலம் பாரித்துவிட்டது; அவனைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பிழைக்கவைத்தோம். அன்று வீட்டைப் பிடித்த பயம் அப்புறம் விடவே இல்லை. ஏத்தன் வாழைக்காய்ப் பொடியில் காய்ச்சிய கூழ், குழையப் பிசைந்த சோறு, அவ்வளவுதான் அவனுக்கு. என் கணவரின் தங்கைகள் மூன்று பேருக்கும் அண்ணன் பிள்ளை என்றால் உயிர். அவன் கண்ணைத் திருப்பினால் குடிக்கத் தண்ணீர் வரும், விரலை நீட்டினால் பழம் பிசைந்து வரும். இப்படிப்பட்ட ராஜாவுக்குப் பேச்சு எதற்கு? ஊரில் சிலர் ஊமை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். காதிலும் நாக்கிலும் கோளாறு இல்லை என்றார் டாக்டர். அங்கிருந்த நர்ஸம்மா வழி சொன்னார். மொறுமொறுப்பாக இருந்து வாயில் கரைகிற பண்டமாகக் கொடுங்கள், அவன் எதிரே நீங்களும் மென்று காட்டுங்கள், விளக்கை ஊதி அணைக்கப் பழக்குங்கள், எது வேண்டுமானாலும் அவனாகக் கேட்கும்வரை பொறுத்திருங்கள் என்றார். விளக்கை வாயால் ஊதுவதா என்று வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் இலவம்பஞ்சை ஊதினான், அத்தைமார் தும்மினார்கள். பொறுத்திருப்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. அவன் உதடு பிதுங்குமுன் மூன்று கிண்ணம் வந்து நிற்கும். நானும் லேசுப்பட்டவள் இல்லை, நாலாவது கிண்ணம் என்னுடையது.

கல்யாணப் பந்தியில் அவனைத் தனி இலையில் உட்காரவைத்தோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் கடைசி நாத்தனார். பப்படம் விளம்புகிறவர் ஓலைக் கடவத்தில் அள்ளிக்கொண்டு வந்து ஆளுக்கொன்று வைத்துப்போனார். எங்கள் ஊர்ப்பக்கம் அதைப் பருப்புச் சோற்றில் நொறுக்கிப் பிசைந்துவிடுவதுதான் வழக்கம். அவனுக்கும் இதுவரை அப்படியே ஊட்டியிருக்கிறோம். நாத்தனாரின் கை அவன் இலைக்குப் போகுமுன் அவனே பப்படத்தைத் தூக்கி ஒரு கடி கடித்துவிட்டான்.

“தொண்டையில சிக்கிரும் மைனி” என்று அவள் பதறினாள். எனக்கும் அந்தப் பழைய தேங்காய்த் துண்டு நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் தன் வாய்க்குள் கேட்ட சத்தத்தில் திகைத்து, பிறகு சிரித்து, முழுப் பப்படத்தையும் மென்று தீர்த்தான்.

அடுத்து, நாலு இலை தள்ளிப் போயிருந்த விளம்புகிறவரைப் பார்த்துக் கையை நீட்டினான். அவர் திரும்பி வந்து ஒன்றை எடுத்தார். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, பிள்ளை இன்னும் பேசவில்லை, அவன் வாயால் கேட்கட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத மனிதர் அவர். மறுபேச்சுப் பேசாமல் அவன் இலைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

“என்ன வேணும் மக்கா? சொல்லு, தாரேன். எனக்கு ஒரு அவசரமும் இல்ல.”

அவசரம் இல்லாமலா? பந்தியின் கடைசியில் பப்படம் வரவில்லை என்று கூப்பிடுகிறார்கள். சமையல்காரர் உள்ளேயிருந்து சத்தம் போடுகிறார். மனிதர் அசையவில்லை. மகனின் உதடு துடிக்கிறது, கண் நிறைகிறது. நாத்தனார் என் தொடையைக் கிள்ளுகிறாள். எட்டி வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று என் கையும் பரபரக்கிறது. சுற்றியிருந்த இலைகளில் ஒருவரும் சாப்பிடவில்லை.

“பப்பம்” என்றான்.

நாத்தனார் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் அவன் இலையில் ஒரு கை நிறைய அள்ளி வைத்துவிட்டு, கூப்பிட்ட பக்கம் ஓடினார். அன்று முழுக்கப் பாயசமும் பப்பம், பழமும் பப்பம், மாப்பிள்ளையும் பப்பம். நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். வண்டி ஏறுமுன் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லத் தேடினேன், ஆள் அகப்படவில்லை.

ஒரு வருடத்துக்குள் மகன் கோவையாகப் பேச ஆரம்பித்தான், பிறகு அவன் வாயை மூடத்தான் வழி தெரியவில்லை. பெற்ற எனக்கே பொறுக்க முடியாத அந்தக் கொஞ்ச நேரத்தை, தலைக்கு மேல் வேலை கிடந்த ஒரு மனிதர் என் பிள்ளைக்காகப் பொறுத்தாரே என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.